கர்ப்பிணி புருஷன் கடலில் இறங்கலாமா?

கோல் மார்க்கெட்,
புது டெல்லி.
14 ஜூன் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

போன வாரம் நீங்கள் போன் செய்தபோது நான் வெறும் "ம்" கொட்டிக்கொண்டிருந்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன் இருப்பது ஹாலில். மாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு நான் உங்களிடம் என்னத்தைப் பேச? இனிமேல் போனில் சௌக்கியமா, சௌக்கியம். அவ்வளவுதான். மீதியெல்லாம் கடிதத்தில். அதையும் தமிழில் எழுதுங்கள். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பாவம், அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது. இங்கிலீஷில் எழுதினால் எனக்கு ஆபீஸ் மெமோ படிப்பது போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மூன்று மாதம்.

உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். நீங்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய வாரமே சந்தேகம்தான். வெயிலால் வந்த மயக்கம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இந்த வருஷ வெயில் அப்படி. கூலரில் ஊற்றத் தண்ணீர் இல்லை, குழாயில் வருவது கொதிக்கிறது. நேற்று டாக்டரம்மா பார்த்து நிச்சயமாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது உங்கள் மூஞ்சி எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பி வரக் கூடாது. கடலில் இறங்காமலும் இருக்கக் கூடாது.

போன தடவையை நான் மறக்கவில்லை. ஐந்தாம் மாதம் கலைந்துபோய் நான் கட்டிலில் கிடக்கிறேன். வந்தவர் போனவர் எல்லாரையும் நிறுத்திவைத்து மாமா புலம்புகிறார்: "கர்ப்பிணி புருஷன் கடல்ல இறங்கலாமா? பொணத்தைத் தொடலாமா? ஒண்ணொண்ணுக்கும் முறை இருக்கா இல்லியா? நேவில முங்கத் தெரிஞ்ச பயலுக்கு இது தெரியலியே!" நீங்கள் அப்போது குஜராத் கடலில் ஏதோ பழைய கப்பலைத் தேடி முங்கிக்கொண்டிருந்தீர்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வாய் சொன்னது. ஆனால் அன்றிலிருந்து இரண்டு வருஷம் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ஃபைலோடு மாரடித்தீர்கள். அந்த இரண்டு வருஷமும் நீங்கள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. பிள்ளை போனதைவிட எனக்கு அது பெரிய கஷ்டம்.

தொல்லியல் துறையிலிருந்து நார்வேயில் பயிற்சி என்று ஆர்டர் வந்ததும் சண்டை போட்டு உங்களை அனுப்பியது நான்தான். இப்போதும் சொல்கிறேன். நீங்கள் முங்குங்கள் அத்தான், நான் பெற்றுக் காட்டுகிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. வயிறு தானாகச் சொல்லும்போது சொல்லிக்கொள்ளட்டும்.

உங்கள்
செல்வி


நார்வே
29 ஜூன் 1998

அன்புச் செல்விக்கு,

உன் லெட்டர் கிடைத்தது. சந்தோஷம். இதை எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் தமிழ் உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் ஆபீஸில் யாருக்கும் காட்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகாதே. ஆட்டோவில் போ. பையா, தீரே சலாவ், மெதுவாக ஓட்டு என்று ஏறும்போதே சொல்லிவிடு. பக்கத்து வீட்டுச் சாவ்லா ஆன்ட்டியிடமாவது விஷயத்தைச் சொல்லிவை.

இங்கே நாங்கள் ஏழு பேர். மரவீடு ஒன்றில் தங்கியிருக்கிறோம். எங்கள் தலைவி இங்ரிட் என்கிற அம்மாள். அதிகம் பேச மாட்டார், ஆனால் எல்லாருடைய காற்று சிலிண்டர், கயிறு, கையுறை எல்லாவற்றையும் தானே ஒரு தடவை பார்த்த பிறகுதான் இறங்க விடுவார்.

உனக்கு ஒரு செய்தி. நாங்கள் இங்கே முங்கி ஆராய்கிற உடைந்த கப்பல் உங்கள் ஊர்க் கப்பல்! நிஜமாகத்தான். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், அங்கிருந்து மிளகும் துணியும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய கப்பல். புயலில் வழி தவறி இந்தத் தீவுப் பாறையில் மோதி உடைந்திருக்கிறது. பொறையாற்றில் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கிளம்பிய கப்பல் இங்கே, என் காலுக்குக் கீழே கிடக்கிறது.

வேலை நன்றாக நடக்கிறது. தினமும் இறங்குகிறோம். காலையில் தண்ணீர் கறுப்பாக இருக்கும், வெயில் வந்தால் பச்சையாகும். முங்குபவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே படகில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு தடவை இழுத்தால் "நலமா?" என்று அர்த்தம். கீழே இருப்பவர் பதிலுக்கு ஒன்று இழுத்தால் "நலம்." குமிழிகள் வெள்ளையாக வந்து மேலே உடையும். கடல் பறவைகள் அதை மீன் என்று நினைத்து வந்து ஏமாந்து போகும்.

நீ சொன்னபடிதான் செய்கிறேன். கவலைப்படாதே.

ஜோதிலிங்கம்


கோல் மார்க்கெட்
16 ஜூலை 1998

அத்தான்,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றுதான்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். தண்ணீர் கறுப்பாம், பச்சையாம். குமிழி மேலே வந்து உடைகிறதாம். பறவை ஏமாந்து போகிறதாம். குமிழி உடைவது யாருக்குத் தெரியும்? மேலே படகில் இருக்கிறவனுக்குத் தெரியும். நம் கல்யாணமான புதிதில் கொச்சியிலிருந்து எனக்குக் கடிதம் போடுவீர்களே, ஒவ்வொன்றும் காதில்தான் ஆரம்பிக்கும். காது அடைத்தது, காது திறந்தது, இடது காது இன்று மக்கர். இந்தக் கடிதத்தில் காதே இல்லை. குளிரே இல்லை. அந்தக் கப்பலில் ஒரு பலகை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் இறங்கவில்லை. படகில் உட்கார்ந்து கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் குமட்டிக்கொண்டு ஓடினதைப் பார்த்து, "என்னம்மா, விசேஷமா?" என்றார். ஆமாம் என்றதும் முகமெல்லாம் பல். அடுத்த நிமிஷம் கேட்கிறார், "அரே, அவன் தண்ணியில இறங்குறானா அங்க?" நான் யோசிக்காமல், "இல்ல மாமா, படகுலதான் வேலை, கயிறு புடிக்கிற வேலை" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்கிறோமே என்று அன்றைக்கு முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால் அது நிஜம்! உங்கள் அப்பாவுக்கு நான் சொன்ன பொய் நிஜம், எனக்கு நீங்கள் எழுதின நிஜம் பொய். நல்ல குடும்பம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. என்னை ஏன் ஏமாற்றினீர்கள்? பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? எனக்கும்தான் பயம். பாத்ரூம் போகும் போதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போகிறது. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் இறங்க வேண்டும். இறங்கிவிட்டு எழுதுங்கள். காதில் ஆரம்பித்து எழுதுங்கள்.

செல்வி


நார்வே
2 ஆகஸ்ட் 1998

அன்புச் செல்விக்கு,

காது வலிக்கிறது. வலதுதான், இடது இல்லை.

நீ சொன்னது சரி. இங்ரிடிடம் காதில் சீழ் என்று சொல்லிவிட்டு நான்கு வாரம் படகில்தான் இருந்தேன். அவரும் நம்பினார். உனக்கு நிஜத்தை எழுத வெட்கமாக இருந்தது. என்ன என்று எழுதுவேன்? அப்பா சொல்வது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். பரீட்சை வைத்தால் அப்படித்தான் பதில் எழுதுவேன். ஆனால் சூட்டைப் போட்டுக்கொண்டு படகு விளிம்பில் உட்கார்ந்தால், போன தடவை நான் வந்து சேர்ந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு டவலில் சுற்றி என் கையில் கொடுத்தார்களே, அந்தக் கனம் ஞாபகம் வருகிறது. ஒன்றுமே இல்லாத கனம். அதற்குப் பிறகு எப்படி நான் குதிப்பேன், நீயே சொல்லு.

உன் லெட்டர் வந்த மறுநாள் இறங்கினேன். காது சரியாகிவிட்டது என்றேன்.

ட்ரை சூட் போட்டால் உடம்பில் தண்ணீர் படாது. முகத்தில் மட்டும் படும். அந்த இடத்தில் குளிர் தெரியவில்லை, யாரோ அறைந்தது போல இருந்தது. உதடு மரத்துப்போய் பல்லால் கடித்தாலும் உணர்ச்சி இல்லை. கடல்பாசி தென்னை உயரத்துக்கு வளர்ந்து ஆடுகிறது. அதைத் தாண்டினால்தான் கப்பல். கப்பல் என்றால் நீ நினைப்பது போல முழுசாக இல்லை. மணலில் பாதி புதைந்த விலா மரங்கள், துருப்பிடித்த பீரங்கி இரண்டு. மணலைக் கையால் விசிறினால் கறுப்பாக மிளகு எழும்புகிறது. நிஜ மிளகு, செல்வி. இருநூற்றைம்பது வருஷ மிளகு. உங்கள் ஊர்க் கடையில் யாரோ நிறுத்துக் கொடுத்தது.

மேலிருந்து கயிறு ஒரு தடவை இழுத்தது. நானும் ஒரு தடவை இழுத்தேன். உனக்குத்தான் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். இப்போது தினமும் இறங்குகிறேன். இது நிஜம்.

லிங்கம்


நார்வே
23 ஆகஸ்ட் 1998

செல்வி,

உனக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய்.

நேற்று, சனிக்கிழமை காலை, கப்பலின் பின்பக்கம் மணலை எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு வளைந்த எலும்பு வந்தது. ஆட்டு எலும்பு என்று நினைத்தேன். கப்பலில் ஆடு ஏற்றுவார்களாம். இன்னும் கொஞ்சம் மணலை எடுத்தபோது இடுப்பு எலும்பு. மனுஷன். அதைச் சுற்றி ஒரு கறுத்த சங்கிலி, அதில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாய். மேலே கொண்டுவந்து கழுவியபோது வெள்ளி என்று தெரிந்தது.

இங்ரிட் அதைப் பார்த்துவிட்டு, ஊசி வைக்கிற டப்பா, ஐரோப்பாவில் பெண்கள் இடுப்பில் தொங்கவிடுவது என்றார். பதிவேட்டில் அப்படியே எழுதியும்விட்டார்கள். அடுத்த மாதம் நகரத்து லேபில் அதைத் திறக்கப்போகிறார்கள்.

அது ஊசி டப்பா இல்லை செல்வி. ஒரு முனையில் வளையம், இரண்டு பக்கமும் மூடி, மூடியில் அரக்கு. அது தாயத்து. அந்தச் சங்கிலி அரைஞாண். டேனிஷ்காரன் எவன் அரைஞாண் கட்டுவான்? அது நம் ஆள். கப்பலில் வேலைக்கோ எதற்கோ கூட வந்தவன். அந்தத் தாயத்துக்குள் என்ன இருக்கும் என்று இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் அம்மா அவனுடைய தொப்புள்கொடியைக் காயவைத்து அதில் போட்டுக் கட்டியிருப்பாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இன்னும் ஆசையாகத் திறந்து பார்ப்பார்கள். சொல்லாவிட்டாலும் திறப்பார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாவின் பேச்சுதான் காதில். கடலில் இறங்கினேன், இப்போது பிணத்தையும் தொட்டுவிட்டேன்.

நீ நன்றாக இருக்கிறாயா? உடனே எழுது.

லிங்கம்


ஆஸ்பத்திரி, புது டெல்லி
25 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். மாமா போனில் உங்களிடம் "கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போ பரவாயில்லை" என்று சொல்லியிருப்பார். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை ரத்தம் போயிற்று. வலியே இல்லை, திடீரென்றுதான். சாவ்லா ஆன்ட்டி நைட்டியோடு ஓடிவந்து, ஆட்டோக்காரனைப் போட்டு வைது, "ஜல்தி கரோ பையா, ஜல்தி" என்று என்னை மடியில் சாய்த்துக் கொண்டுவந்து சேர்த்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறதாம். ஸ்கேனில் பார்த்தார்கள். பிள்ளைக்கு நெஞ்சு துடிக்கிறது அத்தான், எனக்கும் கேட்க வைத்தார்கள். ரயில் ஓடுகிற மாதிரி அவ்வளவு வேகம்.

அசையக் கூடாது என்று உத்தரவு. லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மாமா இரண்டு வேளையும் ரசம் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவருகிறார். உப்பு அள்ளிக் கொட்டுகிறார், ஆனாலும் குடித்துவிடுகிறேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நீங்கள் அங்கேயே இருங்கள். இது போன தடவை மாதிரி இல்லை. ஐந்து மாதத்தைத் தாண்டிவிட்டோம். இங்கிருந்து ஒரு தடவை கயிற்றை இழுக்கிறேன். நலம்.

செல்வி


நார்வே
5 செப்டம்பர் 1998

செல்வி,

லெட்டர் கிடைத்தது. என்னுடையதும் இந்நேரம் உன் கையில் இருக்கும். இரண்டையும் தேதி பார்த்துக்கொள்.

அதே சனிக்கிழமை. அதே காலை.

என்னால் முடியவில்லை. இனி இறங்க மாட்டேன். இங்ரிடிடம் சொல்லிவிட்டேன். பயிற்சியைப் பாதியில் விட்டால் துறையில் என்னை என்ன செய்வார்களோ செய்யட்டும். டிக்கெட் கேட்டிருக்கிறேன். அப்பா சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவையும் நானே செய்துவிட்டேன். அந்தத் தாயத்தைத் திருப்பிக் கடலிலேயே போட்டுவிடலாம் என்று நேற்று இரண்டு தடவை அலமாரி வரைக்கும் போனேன். அதுவும் திருட்டுத்தானே. திரும்பி வந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. அசையாமல் படுத்திரு.

லிங்கம்


கோல் மார்க்கெட்
17 செப்டம்பர் 1998

அத்தான்,

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். படுக்கைதான், ஆனால் நம் படுக்கை. கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தியிருக்கிறார் மாமா.

ஆமாம், அதே சனிக்கிழமைதான். பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க நானும் நம்பினேன். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் அழுகை நின்றதும் எனக்கு ஒன்று தோன்றிற்று. அதைக் கேளுங்கள்.

நீங்கள் படகில் பேசாமல் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர். இறங்கு, இறங்கு என்று பிடித்துத் தள்ளினவள் யார்? நான். அன்புள்ளகூடப் போடாமல் கடிதம் எழுதி உங்களைக் கடலில் தள்ளினவள் நான். கடல்தான் காரணம் என்று நீங்கள் நம்பினால் குற்றவாளி நீங்கள் இல்லை அத்தான், நான். என் பிள்ளையை நானே பணயம் வைத்தேன் என்று ஆகும். நீங்கள் இப்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினால், ஆமாம் அப்படித்தான் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிற மாதிரி. பிள்ளை பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அதை வைத்துக்கொண்டு என்னால் வாழ முடியாது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். நஞ்சுக்கொடி ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருந்ததாம். நீங்கள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தபோதும் அங்கேதான். அன்றைக்கு அந்த வார்டில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தியின் புருஷன் கரோல்பாக்கில் பேன்ட் தைக்கிறான், இன்னொருத்தியின் புருஷன் பேங்கில் கேஷியர். அவர்கள் எந்தக் கடலில் முங்கினார்கள்?

இன்னொன்று. நீங்கள் தொட்டது பிணம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊர்க்காரனைத் தொட்டிருக்கிறீர்கள். இருநூற்றைம்பது வருஷம் கழித்து அவன் யாரென்று தெரிந்த ஒரு கை அவன்மேல் பட்டிருக்கிறது. அவன் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். தரங்கம்பாடியில் கப்பல் வரும் போதெல்லாம் போய் நின்றிருப்பாள். இப்படி ஆயிற்று என்று அவளுக்கு யார் கடிதம் போட்டிருப்பார்கள்? ஒருவரும் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் உங்களுக்குக் காட்டாத ஒன்று பீரோவில் இருக்கிறது. முதல் தடவை உண்டானபோது மாயவரத்தில் ஒரு வெள்ளித் தாயத்து வாங்கினேன். அன்றிலிருந்து காலியாகவே கிடக்கிறது. அதனால் சொல்கிறேன், ஒரு தாய் மூடி வைத்ததை எவரும் திறக்கக் கூடாது. அந்த இங்ரிட் அம்மாளிடம் போய் அது என்னவென்று சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு கடலில் எறிவதெல்லாம் உங்களுக்கு அழகில்லை. சொல்லிவிட்டு, மறுநாள் இறங்குங்கள்.

செல்வி


நார்வே
4 அக்டோபர் 1998

அன்புச் செல்விக்கு,

காது சரியாக இருக்கிறது. இன்று இரண்டு தடவை இறங்கினேன்.

உன் லெட்டரைப் படித்துவிட்டுக் கடற்கரையில் போய் நின்றேன். நீ குற்றவாளி ஆகிவிடுவாய் என்று நான் யோசிக்கவே இல்லை. என்னை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். இது ஊசி டப்பா இல்லை, எங்கள் ஊரில் குழந்தைக்குக் கட்டுவது, உள்ளே தொப்புள்கொடி இருக்கும், இந்த ஆள் தமிழன் என்று. இங்ரிட் கரண்டியைக் கீழே வைத்தார். "எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய்?" என்றார். நான் வேறு வழியில்லாமல் எழுந்து ஸ்வெட்டரை, அதற்கடியில் இருந்த இரண்டு பனியனைத் தூக்கி, என் இடுப்புக் கறுப்புக் கயிற்றைக் காட்டினேன். நேவியில் இதை வைத்து என்ன கிண்டல் பண்ணியிருக்கிறார்கள் தெரியுமா! இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இங்ரிட் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தக் குளிரில் தொப்பையைக் காட்டிக்கொண்டு நான் நின்றேன்.

லேபில் திறக்கவில்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள். உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு நிழல். இனி யாரும் திறக்கக் கூடாது என்று இங்ரிட் எழுதி வைத்துவிட்டார். ஊசி டப்பா என்று இருந்ததை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "தாயத்து" என்று தமிழிலேயே என்னை எழுதச் சொன்னார்.

எலும்புகளை நேற்று மலைச்சரிவில் இருக்கிற சர்ச் பக்கத்தில் புதைத்தோம். பாதிரியார் ஏதோ படித்தார். அவனுக்கு யாருமில்லையே என்று எனக்குத் தோன்றிற்று. சட்டைப்பையில் சமையலறை அரிசி ஒரு பிடி கொண்டுபோயிருந்தேன். போட்டேன். கர்ப்பிணி புருஷன் செய்யக் கூடாத கடைசி வேலையும் செய்தாயிற்று, செல்வி. பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இருக்கிறது. இருந்தாலும் போட்டேன்.

லிங்கம்


கோல் மார்க்கெட்
22 நவம்பர் 1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மகளை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். போனில் நீங்கள் அழுததில் நான் சொன்னது பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால் திரும்பவும் எழுதுகிறேன்.

மறுபடி ரத்தம் போய், காத்திருக்க முடியாது என்று வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். எட்டாம் மாதம். எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள். மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டி. நான் போய் வெளியில் நின்று பார்ப்பேன். மூக்கில் குழாய், நெஞ்சில் வயர், சுற்றி ஒரே நீல வெளிச்சம். நீங்கள் கடலுக்கடியில் இப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். கயிறு மட்டும்தான் என் கையில் இல்லை. இப்போது பால் குடிக்கிறாள். ரொம்ப மெதுவாக, ஆனால் விடாமல். உங்கள் மூக்கு. பாவம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாயத்தை முதல் நாளே எடுத்துக்கொண்டு போய் வைத்திருந்தேன். ஆனால் தொப்புள்கொடி விழுந்த அன்று நர்ஸ் அதைப் பஞ்சோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். அவளுக்கென்ன தெரியும்? மாமா ஆஸ்பத்திரி அதிர அதிர ஹிந்தியில் சண்டை போட்டார். குப்பைக்கூடையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை. வார்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மாணிக்கவாசகம் என்று பெயர் சொன்னால் செக்ரடேரியட்டில் பாதிப்பேர் நடுங்குவார்கள் என்பீர்களே, அவர்தான். நான் அவர் அழுது பார்த்ததில்லை.

அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கடலில் இறங்கியதை, எலும்பைத் தொட்டதை, அதே சனிக்கிழமையை, அரிசி போட்டதை, உங்களைப் பிடித்துத் தள்ளியது நான்தான் என்பதை. எதையும் விடவில்லை. இதற்கு மேல் மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்தப் பையனுக்கும் அவங்கம்மா கட்டித்தானே விட்டிருப்பா?" என்றார். "ஆமா மாமா, உள்ளே வச்சு, அரக்கு வச்சு, ஒழுங்காத்தான் கட்டியிருந்தா" என்றேன்.

அத்தான், எல்லாம் முறையாகச் செய்து கட்டிவிட்ட பிள்ளை அந்தக் குளிரில் போய் முங்கிப்போனான். ஒரு முறையும் செய்யாமல், செய்யக் கூடாததையெல்லாம் செய்து, நம் பெண் பிழைத்துக் கிடக்கிறாள். எனக்கு இதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. நான் ஜெயித்தேன் என்றும் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தாய்க்கு நடந்தது எனக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலை கறுப்புக் கயிற்றில் அந்தக் காலித் தாயத்தைக் கோத்து இவள் இடுப்பில் கட்டிவிட்டேன். கட்டாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் அடுத்த மாதம் கிளம்பும்போது, அந்தக் கரையிலிருந்து ஒரு சிட்டிகை மணல் எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் முங்கின அந்தக் கடலின் மணல்தான் வேண்டும். இவள் தாயத்துக்குள் போட்டு மூடப்போகிறேன். யாரையும் கேட்கவில்லை, நானே முடிவு செய்தது.

மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்துவிட்டு, "நல்லா வெயில்ல காயவச்சு எடுத்துட்டு வரச் சொல்லும்மா, குழந்தை இடுப்புல ஈரம் ஆகாது" என்றார். அங்கே வெயில் இருக்கிறதோ இல்லையோ, அடுப்புக்குப் பக்கத்திலாவது வைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

உங்கள்
செல்வி